இடப்பக்கம் மங்கிய நாதஸ்வரம்: ஹோம் தியேட்டர் ரிசீவரைப் பழுது பார்த்த அனுபவம்

டிவி, டெக் ஒலியை வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டிதான் ரிசீவர். மூன்று மாதமாக என்னுடையது ஒரு நாள்கூடத் தடுமாறவில்லை. முதல் தடவை சரியாகிவிட்டது என்று நம்பி ஐந்தே வாரத்தில் ஏமாந்ததால், இந்த முறை ஆடி முடியட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன். ஒரு பக்க ஒலி மங்கும் இதே கோளாறோடு ரிசீவரைப் பரணில் ஏற்றி வைத்திருப்பவர் யாராவது இதைப் படித்துவிட்டு அதைக் கீழே இறக்கினால் எனக்குச் சந்தோஷம்.

2013 தீபாவளிக்கு வாங்கியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் 7.1 ரிசீவர் (ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), எடை பத்து கிலோவுக்கு மேல். இரண்டு சேனல் ஓடும்போது எட்டு ஓமில் சேனலுக்கு 90 வாட் என்று பெட்டியில் போட்டிருந்தது. விலை 41,000 ரூபாய். அப்போது அது எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகை.

இதன் ஒலியைப் பற்றிய என் அபிப்பிராயம் பதினொரு வருடத்தில் மாறவே இல்லை. படத்தில் வசனம் இவ்வளவு தெளிவாகக் கேட்கும் கருவி எங்கள் வீட்டுக்கு அதுவரை வந்ததில்லை. நடு ஸ்பீக்கரின் அளவை இரண்டு டெசிபல் கூட்டி, எல்லா ஸ்பீக்கர்களையும் 'ஸ்மால்' என்று அமைத்து, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை எல்லாம் சப்வூஃபருக்கு அனுப்பிவிட்டால் போதும். இரவு பத்து மணிக்கு மெதுவாக வைத்தாலும் ஒரு சொல் தப்பாது. குறை என்று சொன்னால், மைக் வைத்து அறையை அளந்து தானாகச் சரிசெய்யும் வசதிதான். அதை இயக்கினால் நாதஸ்வரத்தின் மேல் ஸ்தாயி மழுங்கிப் போகும். அதனால் பாட்டுக்கு எப்போதும் திருத்தம் எதுவும் இல்லாத 'டைரக்ட்'தான், படத்துக்கு மட்டும் அந்தத் திருத்தம்.

அப்பாவிடம் ஒரு மரப்பெட்டி நிறையக் கேசட்டுகள் இருக்கின்றன. வானொலியில் வந்த நாதஸ்வரக் கச்சேரிகளை எண்பதுகளில் அவரே உட்கார்ந்து பதிவு செய்தவை. பழைய டெக் ஒன்றை ரிசீவரின் அனலாக் இன்புட்டில் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். தினமும் காலை ஆறு மணிக்கு அது ஓடும். கோளாறை முதலில் கண்டுபிடித்தது அவர்தான். போன மார்கழியில் ஒரு நாள், "சத்தம் வலது பக்கமாச் சாயுதுப்பா, நாயனக்காரர் எழுந்து அந்தப் பக்கம் போய் உக்காந்துட்டாரு போல இருக்கு" என்றார்.

நான் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால், அதைவிடத் துல்லியமான நோய்க்குறிப்பை யாராலும் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பதிவுகள் எல்லாம் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும், ஆகவே நாதஸ்வரம் இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் கொஞ்சம் குறைந்தாலும் அது நகர்ந்துவிடும். ஸ்டீரியோப் பாட்டிலும் படத்திலும் இதைக் கவனிப்பது கஷ்டம், கலவையே அப்படித்தான் போல என்று விட்டுவிடுவோம். உங்கள் ரிசீவரில் சந்தேகம் இருந்தால் ஒரு மோனோப் பதிவை மெதுவான ஒலியில் வைத்து நடுவில் உட்கார்ந்து கேளுங்கள்.

இரண்டு வாரத்தில் எனக்கும் தெளிவாகத் தெரிந்தது. மெதுவாக வைத்தால் இடது முன் ஸ்பீக்கர் மங்கலாகக் கரகரக்கும், சில நாள் அதில் ஒலியே வராது. ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் ஏதோ ஓரிடத்தில் 'டப்' என்று ஒரு சத்தம், உடனே இடப்பக்கம் முழுசாக வந்துவிடும். அப்புறம் குறைத்தாலும் அன்றைக்கு முழுக்க ஒழுங்காக ஓடும். மறுநாள் காலை மறுபடியும் அதே கதை.

தப்பாகப் போன வழிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கர் ஒயரை இடம் வலமாக மாற்றிப் பார்த்தேன், கோளாறு ரிசீவரின் இடது முனையிலேயே நின்றது. இது சரியான சோதனை. இதோடு நிறுத்தி யோசித்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஒலி கூட்டும்போது வருகிறதே, அந்தக் குமிழில்தான் தூசி என்று முடிவு கட்டி காண்டாக்ட் கிளீனர் வாங்கி அடித்தேன். இந்த ரிசீவரில் அந்தக் குமிழ் வழியாக ஒலி போவதே இல்லை. அது வெறும் சுழல் ஸ்விட்ச், எவ்வளவு திருப்பினோம் என்று உள்ளே இருக்கும் சிப்புக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. 280 ரூபாய் வீண்.

அடுத்த தப்பு இன்னும் மோசம். மைக்கை மாட்டி அறை அளவீட்டைப் புதிதாக ஓட்டினேன். இடது ஸ்பீக்கர் மங்கிக் கிடந்த நேரத்தில் அளந்ததால், ரிசீவர் அதைச் சரிக்கட்ட இடப்பக்கத்தை ஏழு டெசிபல் கூட்டி வைத்துக்கொண்டது. அன்று மாலை படம் பார்க்கும்போது 'டப்' என்று தொடர்பு வந்ததும் இடது ஸ்பீக்கர் அலறியது, அம்மா பதறி எழுந்துவிட்டார். எல்லா அமைப்பையும் அழித்து முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. கோளாறு இருக்கும்போது அந்த அளவீட்டை ஓட்டவே கூடாது.

ஜனவரியில் சேவை மையத்துக்குக் கொண்டு போனேன். பார்க்கும் கட்டணம் 590 ரூபாய். பன்னிரண்டு நாள் கழித்து, ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் போர்டையே மாற்ற வேண்டும், 18,500 ரூபாய் ஆகும், வருமா என்பதும் ஆர்டர் போட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். அந்த விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஏழு சேனலில் ஆறு நன்றாக ஓடுகிற கருவியைக் குப்பை என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

இதே மாடலை வைத்திருக்கும் மூன்று பேரை எனக்குத் தெரியும். திறப்பதற்கு முன் அவர்களிடம் விசாரித்தேன். என்னோடு வேலை செய்தவர் ஒருவர் திறந்த இரும்பு அலமாரியில் வைத்திருக்கிறார், சுற்றிலும் ஒரு அடி இடைவெளி, பத்து வருடத்தில் ஒரு கோளாறும் இல்லை. சேலத்தில் இருக்கும் நண்பருக்கு ஒரு மழை நாளில் இடி விழுந்ததில் செட்டாப் பாக்ஸோடு சேர்ந்து எச்டிஎம்ஐ போய்விட்டது. அனலாக் இன்புட் மட்டும் இன்னும் வேலை செய்கிறது, அதை வைத்தே பாட்டுக் கேட்கிறார், ஒலியைப் பற்றி அவருக்கு ஒரு குறையும் இல்லை. மூன்றாமவர் வேளச்சேரிக்காரர். அவருக்கு வலது பக்கம் போய்விட்டு வருகிறது. டிவி மேஜையின் மூடிய தட்டுக்குள் வைத்திருக்கிறார். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது, மேலே நாலு விரல் இடைவெளி, பின்னால் பலகை. மூன்று பேரும் ஒலியை ஒரே மாதிரி மெச்சினார்கள். ஆயுள் மட்டும் வைத்த இடத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறியது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தேன். பிளக்கைப் பிடுங்கி, மேல் மூடியின் ஒன்பது திருகுகளைக் கழற்றினால் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர், குறுக்கே சூட்டை வெளியேற்றும் உலோக ஹீட்சிங்க், அதன் பக்கத்தில் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் இரண்டு தடித்த கெப்பாசிட்டர்கள். ஒவ்வொன்றும் 12,000 மைக்ரோ ஃபாரட். பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் ஆன பிறகும் மீட்டர் ஒவ்வொன்றிலும் 18 வோல்ட் காட்டியது. ஓடிக்கொண்டிருக்கும்போது அது ஐம்பதைத் தாண்டும். ஸ்க்ரூட்ரைவரால் குறுக்கே தொட்டுப் பொறி பறக்கவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், செய்யாதீர்கள். ஒரு கிலோ ஓம், பத்து வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் முதலைக் கிளிப் வைத்து, கெப்பாசிட்டருக்கு ஒரு நிமிடம் பிடித்தால் போதும். அப்புறம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும்.

உள்ளே பதினொரு வருடத் தூசி ஹீட்சிங்கின் இடுக்குகளில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ், அப்புறம் ஊதுகுழல். மொட்டை மாடியில் செய்தது நல்லதாயிற்று.

கோளாறு எங்கே என்று பிரிப்பதற்கு முதலில் பின்பக்கம் இருக்கும் ப்ரீ அவுட் முனையைப் பயன்படுத்தினேன், ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன்பே ஒலியை வெளியே தரும் முனை அது. அதிலிருந்து ஒரு பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு இணைத்தால் இடப்பக்கம் பளிச்சென்று இருந்தது. அப்படியென்றால் சிப்புகள் இருக்கும் போர்டுகள் எல்லாம் நலம், பழுது ஆம்ப்ளிஃபயரிலோ அதற்குப் பிறகோதான். இனி உள்ளே அளக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கர் முனைக்கும் நடுவில் ரிலே, அதாவது மின்சாரத்தால் தானாகத் திறந்து மூடும் ஸ்விட்ச், இருக்கிறது. ஆன் செய்து நாலைந்து விநாடி கழித்து 'க்ளிக்' என்று கேட்குமே, அதுதான். போனிலிருந்து 200 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, ரிலேக்கு முன்னும் பின்னும் ஏசி வோல்ட் அளந்தேன். 1,000 ஹெர்ட்ஸ் வைக்காததற்குக் காரணம், என்னுடையது போன்ற மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சரியாகக் காட்டாது. மீட்டர் முனையைக் கையில் பிடித்து ஓடுகிற போர்டில் தொடவும் கூடாது. ஒரு வழுக்கலில் அவுட்புட் உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டால் ட்ரான்சிஸ்டர்கள் போய்விடும். அணைத்து, கிளிப் மாட்டி, ஆன் செய்து, படித்து, மறுபடி அணைத்து என்று பொறுமையாகச் செய்தேன்.

வலது பக்கம் ரிலேக்கு முன் 0.31 வோல்ட், பின் 0.31. இடது பக்கம் முன் 0.31, பின் 0.04.

அந்த இரண்டு எண்களைப் பார்த்தபோது வந்த நிம்மதியை மறக்க முடியாது. ஆம்ப்ளிஃபயர் போர்டில் ஒன்றுமே இல்லை. எட்டு ஓம் ஸ்பீக்கரைக் கொண்டு கணக்குப் போட்டால், சும்மா ஒரு கம்பியைப் போல இருக்க வேண்டிய ரிலேத் தொடர்பு ஐம்பது ஓமுக்கு மேல் தடுத்துக்கொண்டிருந்தது. தொடர்புப் புள்ளியில் கறை படிந்திருக்கிறது, வோல்ட் கூடும்போது அதைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் போகிறது. 'டப்' சத்தத்தின் அர்த்தம் அதுதான்.

இங்கே ஒரு குறுக்கு வழியில் போனேன். ரிலேயைக் கழற்றாமல், அதன் பிளாஸ்டிக் மூடியை மட்டும் பிளேடால் நெம்பி எடுத்து, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த விசிட்டிங் கார்டுத் துண்டைத் தொடர்புப் புள்ளிகளுக்கு நடுவில் வைத்து மெல்ல அழுத்தி இழுத்தேன். ஆறேழு தடவை. துண்டில் கரிய கோடு வந்தது. உப்புத்தாள் போடவில்லை, மேற்பூச்சு மெல்லியது, தேய்த்தால் அதோடு போய்விடும். மூடியைப் போட்டு ஆன் செய்தால் இடப்பக்கம் முழுசாக இருந்தது. அன்று மாலை அப்பா மூன்று கேசட் தொடர்ந்து கேட்டார்.

ஐந்து வாரம் ஓடியது. மார்ச் கடைசியில் நாயனக்காரர் மறுபடியும் எழுந்து வலது பக்கம் போய்விட்டார். புள்ளிகள் பொறியில் அரித்துப் பள்ளமாகியிருந்தால் துடைப்பது தற்காலிகம்தான் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

போதாததற்கு ஏப்ரலில் புதிதாக ஒரு தொல்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரம் படம் ஓடியதும் ரிசீவர் தானாக அணைந்து சிவப்பு விளக்கு சிமிட்டியது. ஆற விட்டால் திரும்ப ஓடும். ரிலே, சூடு இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு ஒரு வாரம் போயிற்று. இரண்டும் தனித்தனிப் பழுது என்று கடைசியில்தான் தெரிந்தது.

ரிலே வாங்க, சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய ரிலேயைக் கழற்றிக் கையில் எடுத்துப் போகாமல், '24 வோல்ட் ரிலே நாலு' என்று முதல் கடையில் கேட்டேன். ஒன்று 45 ரூபாய் வீதம் 180 ரூபாய்க்குச் சின்னக் கனசதுர ரிலே நாலு கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவற்றுக்கு ஐந்து கால், போர்டில் ஆறு துளை. என் ரிலேயில் இரண்டு தனித்தனித் தொடர்புகள் இருக்கின்றன, ஒரே ரிலே இடது வலது இரண்டையும் சேர்த்து இணைக்கிறது. வாங்கி வந்ததில் ஒன்றுதான்.

அடுத்த வாரம் பழைய ரிலேயோடு போனேன். நரசிங்கபுரம் தெருப் பக்கம் ஒரு சின்னக் கடையில் பெரியவர் ஒருவர் அதை வாங்கிக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அண்ணே, இதே மாதிரி கிடைக்குமா?"

"கிடைக்கும் தம்பி, ஆனா நான் குடுக்க மாட்டேன். இந்தப் பின்னுக்கு இங்க வர்றது பாதி பழைய போர்டுல கழட்டினது. ஒண்ணு மாத்தறதுக்குப் பதிலா இன்னொரு கெட்டதை வைப்பீங்க. புதுசு வரவழைச்சுப் போடுங்க. காயில் ஓம் பார்த்து வாங்குங்க."

வியாபாரத்தை விட்டுக்கொடுத்து இப்படிச் சொல்கிறவரைப் பார்த்ததே அன்றைய அலைச்சலுக்கு ஈடாக இருந்தது. அவரிடம் ஈயம் உறிஞ்சும் செப்புப் பின்னலும், ஈயம் நன்றாக ஒட்டத் தடவும் ஃப்ளக்ஸும், 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர் மூன்றும் வாங்கிக்கொண்டேன். ரிலேக்களை உதிரிபாகம் விற்கும் இணையக் கடையில் வரவழைத்தேன். ஒன்று 165 ரூபாய், கூரியர் 70. வந்ததும் அளந்தேன்: பழையதின் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், 1.1 கிலோ ஓம், புதியது 1.09. பொருந்தியது. போர்டில் நாலு ரிலே, ஒன்றுதான் கெட்டிருந்தது. ஆனாலும் நாலையும் மாற்றினேன். எல்லாம் ஒரே வயது, போர்டைக் கழற்றும் வேலையோ முக்கால் நாள்.

அந்த முக்கால் நாளில் பெரும்பகுதி படம் எடுப்பதில் போயிற்று. ஒவ்வொரு கனெக்டரையும் பிடுங்கும் முன் போனில் ஒரு படம், அதன் மேல் மாஸ்கிங் டேப்பில் ஒரு எண். 23 கனெக்டர்கள். திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டேன்.

முதல் ரிலேயைக் கழற்றும்போது என்னிடம் இருந்தது 25 வாட் சால்டரிங் அயர்ன். ஸ்பீக்கருக்குப் போகும் செப்புப் பாதை அகலமானது, சூட்டை எல்லாம் அதுவே இழுத்துக்கொண்டது. ஈயம் உருகாமல் நான் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்ததில் ஒரு காலைச் சுற்றியிருந்த செப்பு வட்டம் போர்டைவிட்டுப் பெயர்ந்து வந்துவிட்டது. வயிற்றைக் கலக்கியது. அங்கேயே நிறுத்தி, பக்கத்துக் கடையில் 450 ரூபாய்க்கு 60 வாட் அயர்ன் வாங்கி வந்தேன். அதில் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, ஃப்ளக்ஸ் தடவி, பின்னலை வைத்தால் ஒரு காலுக்கு மூன்று விநாடி. மற்ற மூன்று ரிலேயும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. பெயர்ந்த இடத்தில் பாதையின் பச்சைப் பூச்சை ஒரு சென்டிமீட்டர் சுரண்டி, தடித்த செப்புக் கம்பியால் ரிலேக் காலோடு நேராக இணைத்தேன். பார்க்க அழகாக இல்லை, மின்சாரத்துக்குக் குறையில்லை.

போர்டு கையில் இருக்கும்போதே தானாக அணையும் கோளாறையும் தேடினேன். சின்ன ஹீட்சிங்கில் நிற்கும், வோல்ட்டை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் இரண்டு. அவற்றின் கால்களைப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை மாதிரி ஒரு வளையம். தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, கால் அசைந்து அசைந்து ஈயம் விண்டுபோயிருந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. விளக்கைச் சாய்வாகப் பிடித்தால்தான் நிழலில் அகப்பட்டது. சூடேறியதும் அந்த இடைவெளி விரிகிறது, வோல்ட் விழுகிறது, பாதுகாப்புச் சுற்று ரிசீவரை அணைக்கிறது. பழைய ஈயத்தை முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். அதன்மேலேயே சும்மா அயர்னை வைத்து உருக்கிவிட்டால் கொஞ்ச நாளில் திரும்ப விண்டுபோகும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அந்தப் பரீட்சைக்கு நான் போகவில்லை. பக்கத்தில் இருந்த 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் 61 காட்டியது. அதையும் அதன் கூட்டாளிகள் இரண்டையும் மாற்றினேன்.

திரும்ப மூட்டியபின் நேராகச் சுவரில் சொருகவில்லை. 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்த சீரீஸ் போர்டு ஒன்று என்னிடம் உண்டு. எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ரிசீவர் தப்பிக்கும். ஆன் செய்தேன். பல்பு எரியவில்லை, டிஸ்ப்ளேயும் வரவில்லை, ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரம் நான் பட்டபாடு சொல்ல முடியாது. செப்புப் பாதை பெயர்ந்த இடத்தையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். கடைசியில் படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது, முன்பக்கப் பலகைக்குப் போகும் தட்டை ரிப்பன் கேபிள் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றது தெரிந்தது. பூட்டைத் தூக்கி, நேராக உள்ளே தள்ளி, பூட்டை அழுத்தினேன். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கியது, டிஸ்ப்ளே வந்தது.

பல்பு தொடரில் இருந்ததால் ஸ்பீக்கர் ரிலே 'க்ளிக்' ஆகவில்லை, அதற்குப் பயப்பட வேண்டாம். ரிலேக்கு முன்னால் ஏழு சேனலிலும் டிசி வோல்ட் அளந்தேன். 7 மில்லிவோல்ட்டிலிருந்து 22 வரை. ஐம்பதுக்குள் இருந்தால் நான் நிம்மதியாக ஸ்பீக்கர் மாட்டுவேன். ட்ரான்சிஸ்டர்களில் சும்மா இருக்கும்போது ஓடும் மின்சாரத்தை அமைக்கும் பயாஸ் திருகு ஒவ்வொரு சேனலிலும் இருக்கிறது, அதில் கை வைக்கவில்லை. நன்றாக இருப்பதைத் தொடக் காரணம் இல்லை. அப்புறம் நேரடி மின்சாரம், நாலு விநாடி, 'க்ளிக்'. இடது பக்கம் ரிலேக்கு முன் 0.31, பின் 0.31.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். ராகம் தொடங்கி ஒரு நிமிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் ஆள்காட்டி விரலால் டிவியின் நடுவைக் காட்டினார்.

வெப்பத்தைத் தணிக்காமல் விட்டால் புது ரிலேயும் புது ஈயமும் இதே வழியில்தான் போகும். இரண்டு மணி நேரம் ஓடியபின் மேல் சல்லடையில் 66 டிகிரி இருந்தது. துப்பாக்கி மாதிரி இருக்கும் வெப்பமானியில் பளபளப்பான உலோகத்தை அளந்தால் குறைத்துக் காட்டும், அதனால் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதன்மேல் அளந்தேன். மேஜையின் பின்பலகையை முழுசாக எடுத்துவிட்டேன், அதிலேயே ஆறு டிகிரி இறங்கியது. அப்புறம் கணினிக்குப் போடும் 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டைச் சல்லடையின் மேல், காற்றை மேலே இழுக்கும்படி வைத்தேன். ரிசீவரோடு சேர்ந்து மற்றக் கருவிகளை ஆன் செய்ய இருக்கும் 12 வோல்ட் ட்ரிக்கர் முனையிலிருந்தே ஓட்டலாமே என்று ஆசை வந்தது. 150 மில்லிஆம்பியர்தான் தரும் என்று பின்னாலேயே அச்சிட்டிருக்கிறது, விசிறிகள் இரண்டும் சேர்ந்து 240 கேட்கின்றன. பழைய ரௌட்டரின் 9 வோல்ட் அடாப்டரில் ஓட்டுகிறேன். 12க்குப் பதில் 9 என்பதால் சத்தமே கேட்பதில்லை, இரவில் மெதுவாகக் கேசட் ஓடும்போதுகூட. இப்போது அதே இடத்தில் 49 டிகிரி.

இன்னொன்று, கரண்ட் போகும்போது வீட்டு இன்வெர்ட்டரில் ரிசீவர் ஓடுவதை நிறுத்திவிட்டேன். எங்களுடையது மின்சாரத்தைச் சதுர அலையாகத் தரும் ஸ்கொயர் வேவ் வகை. அதில் ஓடினால் ட்ரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று முனகும், அதிகச் சூடாகும். அந்த ஒரு பிளக்கை மட்டும் எலெக்ட்ரீஷியனை வைத்து இன்வெர்ட்டர் இணைப்பிலிருந்து பிரித்துவிட்டேன்.

செலவு: ரிலே கூரியரோடு 730, தப்பான ரிலே 180, கெப்பாசிட்டர் 36, ஆல்கஹால் 120, பின்னல் 90, ஈயமும் ஃப்ளக்ஸும் 210, அயர்ன் 450, விசிறி 640. மொத்தம் 2,456 ரூபாய். சேவை மையக் கட்டணமும் காண்டாக்ட் கிளீனரும் எலெக்ட்ரீஷியன் கூலியும் இதில் சேர்க்கவில்லை. பழுதைத் தீர்த்தவை ரிலேயும் கெப்பாசிட்டரும் கொஞ்சம் ஈயமும்தான், அவை ஆயிரத்துக்குள்.

மறுபடி செய்தால், ஒயரை மாற்றிப் பார்த்த அன்றே ப்ரீ அவுட் சோதனையைச் செய்துவிடுவேன், அதற்கு மூடியைத் திறக்கவே தேவையில்லை. ரிலேயைத் துடைக்காமல் நேராக மாற்றுவேன். 60 வாட் அயர்ன் இல்லாமல் அந்தப் போர்டைத் தொட மாட்டேன். ரிப்பன் கேபிள்களுக்குச் சொருகும் ஆழத்தில் மெல்லிய பேனாக் கோடு ஒன்று போட்டு வைப்பேன்.

எச்டிஎம்ஐ பழையதுதான், நான்கு கே படத்தை 60 ஃப்ரேமில் கடத்தாது. அதற்காக இதை மாற்ற நினைக்கவில்லை. ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை டிவியில் சொருகி, ஒலியை மட்டும் ஏஆர்சி (எச்டிஎம்ஐ கேபிளிலேயே டிவியின் ஒலியைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திருப்பி வாங்கினால் 5.1 வருகிறது, எங்கள் அறைக்கு அது போதும்.

போன ஞாயிறு வேளச்சேரிக்காரர் தன்னுடையதைக் காரில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அதே ஒன்பது திருகு, அதே கம்பளித் தூசி. 200 ஹெர்ட்ஸில் வலது பக்கம் ரிலேக்கு முன் 0.29, பின் 0.11. ரெகுலேட்டர் கால்களை லென்ஸில் பார்த்தோம், அதில் விரிசல் இன்னும் வரவில்லை. ரிலே நாலு ஆர்டர் போட்டாயிற்று, வெள்ளிக்கிழமை வரும்.